அறுபதில் நிறுத்திய எண்ணிக்கை

இத்தனையையும் செய்துவிட்டு ஓடிப்போனவள் நீ. உன் பேரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் ஊரே அந்தப் பேரைத் தேடிக் கிளம்பிவிடும், கிளம்ப முடிந்தவர்கள் மட்டும். முடியாதவர்கள் ஓடைப்பாலம் வரைக்கும் வந்து திரும்பிப் போவார்கள், அது ஏன் என்று உனக்குத் தெரியும். மேலச்செக்கடி பஸ் ஸ்டாண்டில் இருபதுக்கு முப்பது அடியில் நீ வரைந்து தொங்கவிட்ட ஃபிளெக்ஸ் இன்றைக்கு எழுபத்துமூன்றாவது நாளாகத் தொங்குகிறது, சித்திரை வெயிலில் மற்ற ஃபிளெக்ஸ் எல்லாம் வெளுத்துக் கிழிந்துவிட்டன, இதில் ஒரு பொட்டு மை மங்கவில்லை. என் பெண்டாட்டி செல்லக்கனி எழுபத்துமூன்றாவது நாளாக வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள், போய்ச் சேரவும் இல்லை, வந்து நிலைக்கவும் இல்லை. நான் பாலத்தைத் தாண்ட முடியாதவன், அதனால் இதை நோட்டீஸாக அடித்துப் போகிற பஸ்ஸில் எல்லாம் கொடுத்தனுப்புகிறேன். எந்த ஊரில் உன் கையில் கிடைத்தாலும் கடைசி வரை படி. கசக்கி எறிகிற உரிமை உனக்குக் கிடையாது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டினவன் நான். பின்னால் ஆடு வந்து பசை ருசிக்குப் போஸ்டரைத் தின்னும், அதை விரட்டுவதில்தான் முதன்முதலில் சத்தம் போடப் படித்தேன். ஐந்து வருஷப் பள்ளிக்கூடம் சொல்லித்தராததை, மதுரையில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் மெஷினுக்காக மூன்று நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விற்கிறவன் கையெடுத்துக் கும்பிடும்வரை பேசியது சொல்லித்தந்தது. எதிராளி முதலில் சொல்கிற எண் ஒருநாளும் சரியான எண் இல்லை. இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கணக்கு, இதை வைத்துத்தான் கடை, வீடு, பேர் எல்லாம் வந்தது.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். நடுவில் விசேஷத்துக்காரர், கீழே வரிசை வரிசையாக மாமன், மச்சான், கூட்டாளி என்று ஆம்பிளை முகங்கள், கூலிங்கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்து. யார் முகம் மேல் வரிசை, யார் முகம் ஓர் அங்குலம் கூட என்பதில் எங்கள் ஊரில் மண்டைகள் உடைந்திருக்கின்றன. இந்த வருஷம் காளியம்மன் கொடைக்கு விழாக் கமிட்டித் தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி, ஊர் முழுக்க ஒரே ஃபிளெக்ஸ், வீட்டுக்கு ஒரு முகம் என்று முடிவெடுத்தார். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு முகம். கிழக்குத் தெருக்காரர்கள் தனியாக வந்து என் காதில் கேட்டார்கள், மேற்குத் தெருக்காரர்கள் தனியாக வந்து கேட்டார்கள், தையல்காரர் மாசானம் அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து, "அண்ணாச்சி, நம்ம மூஞ்சி கொஞ்சம் பெருசா இருக்கும்லா?" என்று கேட்டார். நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: உங்க முகம்தான் பெருசு, வெளியே சொல்லிராதீங்க. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் அதையே சொல்லி ஆர்டரை வாங்கிவிட்டேன். வாங்கின பிறகுதான், அப்படி ஒரு படம் உலகத்தில் கிடையாது என்று எனக்கு உறைத்தது.

உன்னிடம்தான் வந்து கத்தினேன். அப்போது நீ என் கடையில் டிசைனராகச் சேர்ந்து மூன்று மாசம், கணக்கில் பெரிய படிப்பைப் பாதியில் விட்டவள், முப்பது வயசுக்கு மேலே, யாரிடமும் அதிகம் பேசாதவள், சாப்பாட்டு நேரத்திலும் கம்ப்யூட்டரை விட்டு நகராதவள். நான் கத்தி முடித்ததும் நீ நிதானமாகச் சொன்னாய்: "இருக்கு அண்ணாச்சி. அப்படி ஒரு படம் இருக்கு. கிட்டப் போகப் போக எல்லா முகமும் பெருசுதான்."

நீ சாப்பாட்டு நேரத்தில் திரையில் வரைந்துகொண்டிருந்தது அதைத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, செல்லக்கனிக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. எனக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருகிறவள், நான் சாப்பிட்டு எழுந்து போன பிறகும் உன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். திரையில் ஒரு கறுப்புச் சுரைக்காய், அதன் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னச் சுரைக்காய், அதன் மேல் இன்னும் சின்னது, சுற்றிலும் நெருப்புப் பிடித்த மாதிரி நீலமும் மஞ்சளும் சிவப்புமாக வளைவுகள். நீ ஓரத்தில் ஓர் இடத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவாய், அங்கே மயில்தோகை மாதிரி சுருள் விரியும், அந்தச் சுருளின் நுனியைப் பெரிதாக்குவாய், அங்கே ஆயிரம் சுருள், அதில் ஒன்றின் இடுக்கில் முதலில் பார்த்த அதே கறுப்புச் சுரைக்காய் கடுகளவில் உட்கார்ந்திருக்கும், அதைப் பெரிதாக்கினால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். செல்லக்கனி, "இன்னும் உள்ள போ பிள்ளே, இன்னும் உள்ள போ" என்பாள். வீட்டில் ஒருநாளும் எதையும் இன்னும் வேண்டும் என்று கேட்காதவள்.

இது என்ன மந்திரமா என்று அவள் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை நான் மெஷின் பக்கத்தில் நின்று கேட்டேன். மந்திரமெல்லாம் இல்லையாம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணாம். அதை அதாலேயே பெருக்கி, முதலில் எடுத்த எண்ணைக் கூட்டி, வந்ததை மறுபடி அதாலேயே பெருக்கி, மறுபடி கூட்டி, இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால், சில புள்ளிகள் பெருத்துப் பெருத்து ஊரை விட்டு ஓடிவிடுமாம், சில புள்ளிகள் எத்தனை சுற்று சுற்றினாலும் உள்ளேயே கிடக்குமாம். கிடக்கிறதற்குக் கறுப்பு. ஓடுகிறதற்குக் கலர், சீக்கிரம் ஓடினால் நீலம், தாமதமாக ஓடினால் மஞ்சள், இழுத்துப் பறித்து ஓடினால் சிவப்பு. ஓரத்தில் இருக்கிற புள்ளிதான் வம்பாம், அது ஓடுமா கிடக்குமா என்று எண்ணிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாதாம்.

அப்படித்தான் அறுநூற்றுப் பன்னிரண்டு முகத்தையும் போட்டாய். கதவு எண் ஒரு பக்கம், பிறந்த தேதி ஒரு பக்கம், இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் அவர் முகம். செல்லக்கனி என்னிடம், "ஏங்க, எம் மூஞ்சி?" என்று கேட்டாள். நான் மெஷினில் ரோல் மாட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்காமலே, "அதான் எம் மூஞ்சி இருக்குல்லா" என்றேன். அவள் உன் திரைக்குப் போய், ஓரத்துக்கும் ஓரமாக ஒரு சுருளின் நுனியில் விரலை வைத்து, "இது நான்" என்றாள். நீயும் வைத்துவிட்டாய். ஊரிலேயே ஒரே ஒரு பொம்பிளை.

கொடைக்கு முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருந்தது. பொன்னுலிங்கம் அண்ணாச்சி நாலு தடவை ஆள் அனுப்பிவிட்டார், சாரம் கட்டுகிறவன் சவுக்குக் கம்போடு வெயிலில் நிற்கிறான். எத்தனை சுற்று எண்ண வேண்டும் என்று கேட்டேன். ஆயிரம் என்றாய். ஆயிரம் சுற்றுக்குள் ஓடாதவர்களைத்தான் நம்பிக் கறுப்பாக்கலாம், அதற்கு நாளை மாலை ஆகும் என்றாய். எதிராளி முதலில் சொல்கிற எண். நான் முப்பது என்றேன். நீ ஐநூறு என்றாய். நான் மவுஸைத் தூக்கி எறிந்தேன். நீ நூறு என்றாய். நான் படித்த பைத்தியம் என்றேன், இன்னும் சிலதும் சொன்னேன், அவை இங்கே வேண்டாம். அறுபதில் படிந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, ஆயிரத்தை அறுபதாக்கியிருக்கிறேன்.

அறுபதுக்குள் ஓடாத எல்லாப் புள்ளியையும் கம்ப்யூட்டர் கறுப்பாக்கியது. செல்லக்கனியின் புள்ளியை மட்டும் நீ நிறுத்திவைத்தாய், அவள்தான் கேட்டாளாம்: "எனக்கு இப்பவே கலர் போடாத பிள்ளே, ஓடிட்டு இருக்கட்டும், பாப்போம்." கடுகின் முனையளவு வெள்ளை.

ஃபிளெக்ஸ் ஏறியது. எந்த ஃபிளெக்ஸும் கிட்டப் போனால் மைப்பொட்டு மைப்பொட்டாகச் சிதறிவிடும், இது சிதறவில்லை. கிட்டப் போகப் போக இன்னும் இருந்தது. சாரத்தில் ஏறி மூக்கை வைத்துப் பார்த்தவர்கள் தங்கள் முகத்தைக் கண்டார்கள், முகத்துக்குப் பின்னால் தங்கள் தெருவை, தெருவில் தங்கள் வீட்டை, வாசலில் காய்கிற வத்தலைக் கண்டார்கள், பூதக்கண்ணாடி வைத்தவர்கள் வத்தலைக் கொத்துகிற காகத்தைக் கண்டார்கள். கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் இறங்கிவந்து, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, சரி, என்று கை கொடுத்துக்கொண்டன. கொடை சண்டையில்லாமல் முடிந்தது இந்த வருஷம்தான். மறுநாள் காலை நீ இல்லை. மானிட்டரில் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உன்னோடு அன்றைக்கே மூன்று பேர் ஊரை விட்டுப் போனார்கள், மூன்றும் கருநீலம். மறுநாள் ஐந்து பேர், அதற்கு மறுநாள் ஏழு. நாளுக்கு ஒரு சுற்று. சண்டை போட்டுப் போகவில்லை, கடன்பட்டுப் போகவில்லை, இலையில் சோறு பரிமாறுகிற மாதிரி வரிசையாக, அவரவர் நாள் வந்ததும் கதவைச் சாத்தி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வாரேன் என்று சொல்லாமல் போறேன் என்று சொல்லி பஸ் ஏறினார்கள். கறுப்பில் இருந்தவர்கள் பஸ் ஏறினால் ஓடைப்பாலத்தில் அவர்கள் சீட் காலியாகிவிடும், பாலத்துக்கு இந்தப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டர் ஒரு வாரத்தில் பழகிவிட்டார், கறுப்பு ஆட்களைப் பார்த்தால் பாலம் வரைக்கும்தான் டிக்கெட் கிழிப்பார்.

ஊர் இதற்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு, பையன் கறுப்பா கலரா, கலர் என்றால் எந்தக் கலர் என்றும் கேட்டார்கள். மஞ்சளில் இருக்கிறவர்களை யாரும் கமிட்டியில் சேர்க்கவில்லை, எப்படியும் முப்பது நாளில் போகிறவர். ரேஷன் கடையில் நீலத்துக்காரர்களின் சர்க்கரையை முன்கூட்டியே கொடுத்து அனுப்பினார்கள். பூசாரி சாரத்தில் ஏறி நடுச் சுரைக்காய்க்கு மஞ்சள் சாந்தும் குங்குமமும் வைத்தார், வைத்த குங்குமத்துக்குள்ளும் கிட்டப்போய்ப் பார்த்தால் வளைவுகள் இருந்தன. அறுபதாவது நாள் கடைசிச் சிவப்புக்காரரும் போய், கலர் எல்லாம் தீர்ந்து, கறுப்பு மட்டும் மிச்சமானது. முன்னூற்றுச் சொச்சம் பேர். அதில் நானும் ஒருவன். பெருமைப்பட்டேன், என் ஊர், என் கடை, நான் எங்கே ஓட வேண்டும் என்று.

செல்லக்கனி மட்டும் முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்தாள். காலையில் இட்லியை அவித்து எனக்கு மூடிவைத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையில் சேலையும் டப்பாவில் சோறும் எடுத்துக்கொண்டு ஏழே கால் பஸ்ஸில் ஏறுவாள், பாலத்தைத் தாண்டுவாள், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி நடந்து வருவாள். முதல் நாள் அடுத்த ஸ்டாப் வரைக்கும். பிறகு சாத்தூர் வரைக்கும். ஒருநாள் திருச்செந்தூர்க் கடல் வரைக்கும் போய்க் காலில் மணலோடு வந்தாள், மறுநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்தடியில் திரும்பிவிட்டாள். கூடிக்கொண்டே போகவும் இல்லை, குறைந்துகொண்டே வரவும் இல்லை. நாளாக நாளாகக் குதிகால் வெடித்து, நடை தளர்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர ஆரம்பித்தாள்.

நான் கத்தினேன். எனக்கு வேறென்ன தெரியும்.

"ஏட்டி, நாளைக்கும் போறியா?"

"போறேன்."

"எங்க?"

"இன்னிக்கு விட்ட இடத்துக்கு."

"போனா அப்படியே போய்த் தொலைய வேண்டியதான, எதுக்குத் திரும்பி வார?"

"அது எங்கையில இல்ல. அந்தப் பிள்ள இன்னும் எண்ணி முடிக்கல." காலை நீவிக்கொண்டே சொன்னாள்: "முடிஞ்சா நல்லாருக்கும். எதுவா இருந்தாலும் சரி. கால் வலிக்கி."

இப்போது விஷயம் இங்கே வந்து நிற்கிறது. மாசானத்துக்கு மஸ்கட்டில் வேலை வந்திருக்கிறது, பதினாறு வருஷமாக எழுதிப்போட்டுக் காத்திருந்த வேலை, விசாவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று தடவை பஸ் ஏறினார், மூன்று தடவையும் டீக்கடை பெஞ்ச். மூன்றாவது தடவை பெஞ்சிலிருந்து எழுந்து நேராகத் தன் தையல் கடைக்குப் போய் வெட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு ஃபிளெக்ஸுக்கு வந்தார், தன் முகத்தை வெட்டி எடுக்க. வெட்டினால் கிழிசல் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் முகத்திலிருந்து இரண்டு சாண் தள்ளித்தான் செல்லக்கனியின் வெள்ளை. சவுக்குக் கம்பை உருவிக்கொண்டு குறுக்கே நின்றேன். ஊர் கூடிவிட்டது.

"நகரும்வே," என்றார் மாசானம். என்னை அண்ணாச்சி என்று சொல்லாமல் அவர் பேசினது அதுதான் முதல் தடவை. "உமக்கு உம்ம வீடு. எனக்கு எம் வீடு."

பொன்னுலிங்கம் அண்ணாச்சி நடுவில் வந்தார். என்னைக் கேட்டார்கள், இதற்கு யார் பொறுப்பு என்று. நான் சத்தமாகச் சொன்னேன்: அந்தப் பிள்ளைதான் பொறுப்பு, அரைகுறையாக எண்ணிப் போட்டுவிட்டு ஓடிவிட்டது, நான் மெஷினை ஓட்டினவன் மட்டும்தான். ஊர் கேட்டுக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் தவணை. அதற்குள் வழி பிறக்காவிட்டால் ஃபிளெக்ஸை இறக்கி ஊர்ப்பொது மந்தையில் வைத்துக் கொளுத்துவது என்று முடிவானது. கொளுத்தினால் கறுப்புக்காரர்கள் விடுபடலாம் என்று சிலர், எல்லாரும் இப்படியே உறைந்துபோவோம் என்று சிலர். எண்ணி முடியாத புள்ளி ஒன்று எரிந்தால் அது என்ன ஆகும் என்று நான் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு வேறு ஆள் வைத்துப் பார்த்தேன், தூத்துக்குடியிலிருந்து இரண்டு டிசைனர் வந்தார்கள், அழகாகத்தான் வரைந்தார்கள், வெறும் படம் வந்தது. உன் எண்கள் உன் பென்டிரைவில் போய்விட்டன. உன் செல் அணைந்து கிடக்கிறது.

நேற்று உச்சிவெயிலில், பஸ் ஸ்டாண்டில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், நான் சாரத்தில் ஏறினேன். சட்டைப்பையில் கறுப்பு மார்க்கர். ஒரு பொட்டு வைத்தால் போதும்; நானே எண்ணி முடித்த மாதிரி, அவள் கிடக்கிற புள்ளி ஆகிவிடுவாள், காலையில் இட்லியை அவித்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள், கால் ஆறிவிடும். ஏறும்போது என் மனசில் இருந்தது இவ்வளவுதான், மறைக்க மாட்டேன்.

மூடியைக் கழற்றிக் கையை நீட்டினேன். மார்க்கர் நுனி கிட்டப் போகப் போக அந்த வெள்ளை அகன்றது, உள்ளங்கையளவு, முறத்தளவு, பிறகு என் முகத்துக்கு நேரே ஒரு ஜன்னல் அளவு. அதற்குள் அவள் எங்கேயோ ஒரு தார் ரோட்டோரத்துப் பாலக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள், செருப்பைக் கழற்றி வைத்து, டப்பாச் சோற்றைச் சாப்பிட்டபடி. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை, பஸ்ஸுக்கு நிற்கிறவளாக இருக்கும், ஏதோ கேட்டாள். செல்லக்கனி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னாள். சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. அவள் சொன்னது தன் பேரை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் வீட்டுக்காரி என்று சொல்லவில்லை, பேரைத்தான் சொன்னாள், ஆறு எழுத்தும் கோணாமல், சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். இருபத்தேழு வருஷத்தில் நான் அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதே இல்லை என்று அந்த வெயிலில் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்தது.

கறுப்பு வைக்க இடம் எவ்வளவோ இருந்தது. நான் மூடியைப் போட்டு இறங்கிவிட்டேன்.

இறங்கி வந்து சட்டைப்பையில் இருந்த உன் சீட்டை எடுத்துப் படித்தேன், நூறாவது தடவையாக. "மாசானம் 61. ஒன்று குறைந்துவிட்டது அண்ணாச்சி." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். இன்னும் ஒரே ஒரு சுற்று எண்ணியிருந்தால் மாசானம் ஓடுகிற புள்ளி. ஊர் முன்னால் இந்தச் சீட்டை நான் காட்டவில்லை. இப்போது மாசானம் இதைப் படிப்பார், பொன்னுலிங்கம் அண்ணாச்சி படிப்பார், பாலத்துக்கு இந்தப் பக்கம் கிடக்கிற முன்னூற்றுச் சொச்சம் பேரும் படிப்பார்கள், படித்துவிட்டு என் கடை வாசலுக்கு வரட்டும், கதவைச் சாத்த மாட்டேன். ஆயிரத்தை அறுபதாக்கினது நான்.

ஆனால் என்னால் எண்ண முடியாது. எனக்கு மெஷின் ஓட்டத் தெரியும், சத்தம் போடத் தெரியும், பெருக்கிக் கூட்டி ஓரத்துப் புள்ளிக்கு நியாயம் சொல்லத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும், தெரிந்த நீ நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து அறுபதுக்கு ஒத்துக்கொண்டாய், அதுவும் தப்புதான், நான் எவ்வளவு கத்தினாலும் ஆயிரம் என்றால் ஆயிரம் என்று நீ நின்றிருக்க வேண்டும். உன் பங்கை நீ இன்னும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலைக்குள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு வா. கதவு திறந்திருக்கும், நான் மெஷின் பக்கத்திலேயே நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். முதலில் மாசானத்தின் முகத்தை எடு, பிறகு மற்றவர்களை. ஆயிரம் வரைக்கும் எண்ணு, போதாவிட்டால் லட்சம் வரைக்கும் எண்ணு. செல்லக்கனிக்கு வரும்போது கறுப்பு வரட்டும் என்று நான் உன்னிடம் கேட்க மாட்டேன், அவள் முகத்தையும் பார்க்க மாட்டேன். அவள் புள்ளி எங்கே போகிறதோ அதுவரைக்கும் கூடவே போய், என்ன நிறமோ அதைப் போட்டு, அவளை உட்காரவிடு.